கணவரின் ரத்தத்தில் ஈயம்: இளநீரால் கழுவிவிட முடியுமா?

பினாங்கு, செபராங் பிறையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் கையால் எழுதி, ரத்தப் பரிசோதனை அறிக்கைகளின் நகலையும் இணைத்து அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருடைய கணவருக்கு 49 வயது. பழைய கார், லோரி பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கி எடுக்கும் கம்பெனியில் 17 வருடமாக வேலை. ஆறு வருடமாக ரத்த அழுத்தத்துக்கு லொசார்ட்டன் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு வருடமாகக் கால் பெருவிரலில் கௌட் வந்து வந்து போகிறது. வலி தாங்காத நாளில் ஃபார்மசியில் போன்ஸ்டான் வாங்கிப் போட்டுக்கொள்வார். போன மாதம் தலை சுற்றுகிறது என்று கிளினிக்கில் ரத்தம் எடுத்தபோது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 148, பொட்டாசியம் 5.6, பைகார்பனேட் 19, யூரிக் அமிலம் 560, ஹீமோகுளோபின் 11.4. சிறுநீரில் புரதம் இல்லை. கம்பெனி எடுத்த பரிசோதனையில் ரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 41 மைக்ரோகிராம். "வரம்புக்குள்தான் இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று அங்கே சொல்லிவிட்டார்களாம்.

அன்றிலிருந்து இந்தச் சகோதரி தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்க்கிறார். தினமும் இரண்டு இளநீர், மிசாய் கூச்சிங் (பூனைமீசை மூலிகை) இலைக் கஷாயம், நாலு லிட்டர் தண்ணீர். இந்தியாவிலிருந்து வந்த உறவினர் மூட்டு வலிக்குக் கொடுத்த செந்தூரமும் உள்ளே போகிறது. ஜோர்ஜ்டவுனில் ஓர் இடத்தில், பத்து முறை டிரிப் ஏற்றினால் உடம்பில் உள்ள உலோகம் முழுவதும் இறங்கிவிடும் என்று 6,000 வெள்ளி கேட்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறார். மாமனார் இனிப்பு நீர் வியாதியில் சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தபோது இறந்தவர். "இவரையும் அந்த நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்க என்னால் முடியாது டாக்டர்" என்று எழுதியிருக்கிறார். கணவரோ நாளைக்கே வேலையை எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்கிறார். மகளும் மூன்று வயதுப் பேரனும் இவர்களோடுதான் இருக்கிறார்கள்.

சகோதரி, நீங்கள் அறிக்கைகளை ஒழுங்காக அடுக்கி அனுப்பியதே பாதி வேலையை முடித்துவிட்டது. உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இன்றைக்கே பார்க்க வேண்டியது பொட்டாசியம்

ரத்தத்தில் பொட்டாசியம் 3.5-லிருந்து 5 வரை இருக்கலாம். உங்கள் கணவருக்கு 5.6. இது இளநீர் தொடங்குவதற்கு முன் எடுத்த அளவு. அதற்குப் பிறகு ஒரு மாதமாகத் தினம் இரண்டு இளநீர். 250 மில்லி இளநீரில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. மிசாய் கூச்சிங் இலையும் பொட்டாசியம் நிறைந்ததுதான். நல்ல சிறுநீரகம் இதையெல்லாம் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடும். அவருடைய சிறுநீரகத்தால் அது முடியவில்லை. லொசார்ட்டனும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும், போன்ஸ்டான் மாதிரி வலி மாத்திரைகள் இன்னும் ஏற்றும்.

பொட்டாசியம் மிஞ்சினால் அடி விழுவது இதயத்துடிப்பில். அதனால் இளநீரையும் கஷாயத்தையும் இன்றே நிறுத்துங்கள். இன்றோ நாளையோ அரசாங்கக் கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ ரத்தத்தைத் திரும்ப எடுத்து, ஈ.சி.ஜி.யும் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சுப் படபடப்பு, கை கால் தளர்ச்சி, மறுபடியும் தலைசுற்றல், இதில் எது வந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்துவிட்டால் பொட்டாசியம் பொய்யாகக் கூடித் தெரிவதும் உண்டு. திரும்ப எடுத்துப் பார்த்தால் அதுவும் தெளிவாகிவிடும்.

லொசார்ட்டனை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தும் கூட. குறைப்பதா, மாற்றுவதா என்பதைப் புதிய அறிக்கையைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். போன்ஸ்டான், வோல்டாரன் வகை மாத்திரைகள் இனி வேண்டவே வேண்டாம். கௌட் வந்தால் அவருடைய சிறுநீரக அளவுக்கேற்ற மருந்து இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். நட்சத்திரப் பழம், அதாவது பெலிம்பிங், வீட்டில் இருந்தால் அதையும் அவர் தொடக்கூடாது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அதிலுள்ள ஒரு நச்சு மூளைக்கு ஏறி, விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோய் விட்டுவிடும்.

நாலு லிட்டர் தண்ணீர் ஈயத்தைக் கழுவாது. உலை வெக்கையில் வேர்வை சிந்தி நிற்கும் நாளில் தாகத்துக்குத் தாராளமாகக் குடிக்கட்டும். வீட்டில் இருக்கும் நாளில் கணக்கு வைத்துக் குடிக்க வைக்க வேண்டியதில்லை.

ஈயம் உள்ளே என்ன செய்கிறது

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டுகின்றன. நாம் கழிப்பது ஒன்றரை, இரண்டு லிட்டர். மிச்சமெல்லாம் எங்கே போகிறது? வடிகட்டிக்கு அடுத்திருக்கும் நுண்குழாய்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் கிராணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாளியாகப் பார்த்து, நிறுத்து, பேர் பதிந்து உள்ளே விடுவார் அல்லவா? சோடியம் இவ்வளவு, பைகார்பனேட் இவ்வளவு, சர்க்கரை முழுதும் உள்ளே, பொட்டாசியத்தில் தேவைக்கு மேல் உள்ளது வெளியே என்று அந்தக் குழாய்ச் செல்கள் நாள் முழுதும் கணக்குப் பார்க்கின்றன.

இந்தச் செல்களைத்தான் ஈயம் பிடிக்கிறது. கால்சியம் போல நடித்து உள்ளே நுழைந்து, செல்லுக்குச் சக்தி கொடுக்கும் பகுதியைக் கெடுக்கிறது. குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் அதிக அளவு போய்விட்டால் சர்க்கரை, பாஸ்பேட், அமினோ அமிலம் எல்லாம் சிறுநீரில் ஒழுகும். பெரியவர்களுக்குப் பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்போது இப்படி வெளிப்படையாகத் தெரியாது. குழாய்களைச் சுற்றித் தழும்பு விழுகிறது. யூரிக் அமிலம் வெளியேறுவது குறைந்து கௌட் வருகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. உடலில் அமிலம் தேங்கி பைகார்பனேட் இறங்குகிறது. சிலருக்குப் பொட்டாசியத்தை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனே குறைந்துவிடுகிறது. உங்கள் கணவரின் அறிக்கையில் கௌட், அழுத்தம், ரத்தசோகை, 19-க்கு இறங்கிய பைகார்பனேட், 5.6 பொட்டாசியம் எல்லாம் ஒன்றாக நிற்கின்றன.

இதற்காக ஈயம்தான் காரணம் என்று கடிதத்தை வைத்து நான் முடிவு கட்ட மாட்டேன். ஆறு வருட ரத்த அழுத்தமும், அடிக்கடி போட்ட வலி மாத்திரையும் தனியாகவே சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. செந்தூரமும் இருக்கிறது. ஆனால் 17 வருடம் ஈய உலைக்குப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, அழுத்தத்தால் வந்தது என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுவது சரியில்லை.

நீங்கள் ஆறுதலாகப் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு விஷயங்களையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சிறுநீரில் புரதம் இல்லை என்பது ஒன்று. கிளினிக்கில் தோய்த்துப் பார்க்கும் அந்தப் பட்டை ஆல்புமின் என்ற புரதத்தைத்தான் பிடிக்கும். நுண்குழாய் கெடும்போது ஒழுகுவது பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போன்ற சிறிய புரதங்கள், அவை அந்தப் பட்டைக்குத் தெரியாது. இன்னொன்று, வரம்புக்குள் இருக்கிறது என்ற பேச்சு. அது வேலையிடத்துக்காக எழுதிய எண். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது. 41 என்பது அதைப் போல எட்டு மடங்கு.

சரி, டயாலிசிஸ் பயம். 49 வயதில் 148 கிரியாட்டினின் என்றால் வடிகட்டும் திறன் 50 அளவில் இருக்கிறது. சிறுநீரக நோயில் மூன்றாம் நிலையின் முற்பகுதி. டயாலிசிஸ் பற்றிப் பேசுவது இது 15-க்குக் கீழே இறங்கும்போதுதான். உங்கள் மாமனாருக்கு இருந்த இனிப்பு நீர் இவருக்கு இல்லை. ஈயம் உள்ளே போவது நின்று, அழுத்தம் கட்டுக்குள் வந்து, வலி மாத்திரையும் நின்றால், இதே அளவில் வருடக்கணக்காக நிற்பவர்களை நான் மாதாமாதம் பார்க்கிறேன். விழுந்த தழும்பு மறையாது, அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. மேலும் விழாமல் பார்த்துக்கொள்ள நிறைய இடம் இருக்கிறது.

அந்த டிரிப்புக்கு நகையை வைக்காதீர்கள்

பெரியவர்கள் உடம்பில் சேர்ந்த ஈயத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் எலும்பில் இருக்கிறது. ரத்தத்தில் உள்ளது பாதியாகக் குறைய ஒரு மாதம் அளவு போதும், எலும்பில் உள்ளதற்குப் பத்து, இருபது வருடங்கள் கூட ஆகும். டிரிப் ஏற்றினால் ரத்த அளவு இறங்கும், அறிக்கை அழகாக வரும். சில வாரத்தில் எலும்பிலிருந்து ஊறி மறுபடியும் ஏறும். இதற்கிடையில் அவர் அதே உலைக்குத் திரும்பிப் போனால் கொடுத்த காசுக்கு அர்த்தமே இல்லை.

ஆபத்தும் உண்டு. உலோகத்தை இறக்க டிரிப்பில் ஏற்றும் மருந்து வெளியேறுவதே சிறுநீரகம் வழியாகத்தான். இ.டி.டி.ஏ. என்ற பெயரில் இரண்டு வகை இருக்கிறது. கால்சியம் சேர்ந்த வகைதான் ஈயத்துக்கு உரியது. மற்ற வகையை ஏற்றினால் ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்து இழுத்துவிடும். அமெரிக்காவில் 2003-க்கும் 2005-க்கும் இடையே இப்படி டிரிப் ஏற்றிய மூன்று பேர், அதில் இரண்டு குழந்தைகள், கால்சியம் இறங்கி இதயம் நின்று இறந்தார்கள். ஏற்கெனவே உப்புகள் நிலைகுலைந்து நிற்கும் ஒருவருக்கு, என்ன வகை என்று தெரியாத டிரிப்பை, மருத்துவமனை அல்லாத இடத்தில் ஏற்ற நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

இந்த மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஈயம் மிக உயர்ந்து, வயிற்று வலி, குழப்பம், வலிப்பு என்று வருபவர்களுக்கு அது உயிர் காக்கும். தைவானில் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குக் கால்சியம் வகையைக் கொடுத்து, நோய் வேகம் குறைந்ததாக 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் ஈயத் தொழிலில் இருந்தவர்கள் அல்ல, மருத்துவர்களின் கண்காணிப்பில் அளந்து கொடுக்கப்பட்டது. உங்கள் கணவருக்கு இப்போதைய சிகிச்சை, ஈயம் உள்ளே போகும் வழியை அடைப்பதுதான். மேற்கொண்டு சந்தேகம் இருந்தால் உங்கள் டாக்டர் மிண்டனில், யு.எஸ்.எம். பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் தேசிய விஷத் தகவல் மையத்தைக் கேட்கலாம். நம் பினாங்கிலேயே இருக்கிறது.

செந்தூரத்தை நிறுத்துங்கள், ஆனால் தூக்கி எறியாதீர்கள். டப்பாவோடு டாக்டரிடம் காட்டுங்கள். பாட்டி வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் செந்தூரமும் பற்பமும் பல சமயம் பாதரசம், ஈயம், ஆர்செனிக் போன்ற உலோகங்களைப் புடம் போட்டுச் செய்பவை. பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், 14-ல் இந்த உலோகங்கள் இருந்தன. மலேசியாவில் பதிந்த பாரம்பரிய மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கி, டி என்று முடியும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். பெட்டியில் கட்டி வந்த டப்பாவில் அது இருக்காது.

வேலையை எழுதிக் கொடுப்பதற்கு முன்

அவருடைய கோபம் புரிகிறது. ஆனால் நாளைக்கே விலகினால், பரிசோதனையும் பதிவும் இல்லாமல் வெளியே வந்துவிடுவார். அதற்குள் ரத்த ஈயம் இறங்கத் தொடங்கும், பிறகு எதை வைத்துப் பேசுவது? முதலில் ரத்த ஈயத்தை மறுபடியும் எடுங்கள். வேலைநேர ஓய்வில், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு எடுக்கச் சொல்லுங்கள், விரலில் ஒட்டிய தூசு கணக்கில் சேர்ந்துவிடக்கூடாது.

அடுத்து, 2000-ஆம் ஆண்டின் ரசாயன விதிமுறைகளின்படி, ஈயத்தோடு வேலை செய்பவர்களின் உடல்நலக் கண்காணிப்பு முதலாளியின் பொறுப்பு, செலவும் முதலாளியுடையதே. இதைச் செய்ய வேண்டியவர் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜே.கே.கே.பி.யில் பதிந்த தொழில்சுகாதார டாக்டர், அதாவது ஓ.எச்.டி. கம்பெனிக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுக்கும் கிளினிக் டாக்டர் எல்லாரும் ஓ.எச்.டி. அல்ல. கண்காணித்தவர் யார், பழைய முடிவுகள் எங்கே என்று உங்கள் கணவர் எழுத்தில் கேட்கட்டும். அந்தப் பதிவுகளை 30 வருடம் வைத்திருக்க வேண்டும். அவர் உடல் ஈயத்தைத் தாங்காது என்று ஓ.எச்.டி. எழுதினால், அந்த வேலையிலிருந்து அவரை விலக்கி வைக்க வேண்டியது முதலாளியின் கடமை. பாரம் தூக்கும் பிரிவு, ஸ்டோர், கேட் என்று ஈயம் இல்லாத இடத்துக்கு மாற்றிக் கேட்கலாம். சம்பளமும் ஓ.டி.யும் என்ன ஆகும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈய நச்சு, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது, 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில். வேலையால் வந்தது என்று மருத்துவக் குழு ஒப்புக்கொண்டால் சிகிச்சைக்கும் இயலாமைக்கும் உதவி உண்டு. அவரைப் பார்க்கும் டாக்டர் இது தொழில்நோய் என்று கருதினால், 7 நாளுக்குள் ஜே.கே.கே.பி.க்கு அறிவிக்க வேண்டும், அதுவும் சட்டம். பாதுகாப்புப் பற்றிப் புகார் செய்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதும் பதவியில் இறக்குவதும் 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி குற்றம். இப்படியெல்லாம் எழுதியிருந்தும் சூப்பர்வைசர் முகம் சுளிக்க மாட்டார் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அதனால் தனியாகப் போக வேண்டாம். அவரோடு நிற்பவர்கள் ரத்தத்திலும் இதே ஈயம்தான் இருக்கும், சேர்ந்து கேட்கட்டும். ஈயம் இல்லாத இடம் தரவே மாட்டோம் என்று சொன்னால், அப்போது, கையில் எல்லாத் தாளும் இருக்கும்போது, வேலையை விடுவது சரியான முடிவு என்றே நானும் சொல்வேன்.

வாசலில் கழற்றும் பூட்ஸ்

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. "சாயங்காலம் வந்ததும் தாத்தாவின் பூட்ஸை மாட்டிக்கொண்டு பேரன் வீடெல்லாம் நடப்பான்." அந்த வரியில்தான் நான் அதிக நேரம் நின்றேன். அந்த பூட்ஸின் மடிப்பில், சாக்ஸில், நீங்கள் உதறித் துவைக்கும் சட்டையில், கார் சீட்டில் எல்லாம் ஈயத் தூசு இருக்கிறது. குழந்தை கையை வாயில் வைக்கும். பெரியவர்களை விடப் பல மடங்கு ஈயத்தை அதன் குடல் உறிஞ்சும், அடி விழுவதும் மூளையில். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் வெராண்டாக் கம்பிகளில் பூசிய ஈயப் பெயின்ட்டைத் தின்று வளர்ந்த பிள்ளைகள், பெரியவர்களான பிறகு சிறுநீரகம் கெட்டு இறந்ததைப் போன நூற்றாண்டின் முற்பாதியிலேயே மருத்துவர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். பேரனுக்கும் மகளுக்கும் உங்களுக்கும் ரத்த ஈயம் பார்க்க வேண்டும், பேரனுக்கு இந்த வாரமே. மகள் கர்ப்பமாக இருந்தாலோ, அதற்குத் திட்டமிட்டிருந்தாலோ அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பூட்ஸும் வேலைச் சட்டையும் கம்பெனியிலேயே இருக்கட்டும், அங்கேயே துவைக்கக் கேளுங்கள். குளித்து, மாற்றுத் துணியோடு வீட்டுக்கு வரட்டும். அது நடக்கும் வரை, சட்டையை உதறாமல் பையில் கட்டி, தனியாகத் துவையுங்கள். தரையைத் துடைப்பத்தால் கூட்டினால் தூசு எழும், ஈரத் துணியால் துடையுங்கள்.

அவர் பசியாறாமல் வேலைக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வெறும் வயிறு ஈயத்தைக் கூடுதலாக இழுக்கும், இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்திருந்தாலும் அப்படித்தான். இரண்டு இட்டிலியாவது சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். ஓய்வு நேரத்தில் உலைக்குப் பக்கத்தில் ரொட்டி சானாயைப் பிய்த்துச் சாப்பிடுவது நிற்க வேண்டும். சானிடைசர் ஈயத்தை எடுக்காது, சோப்பும் தண்ணீரும்தான். சிகரெட்டை அந்த விரலால் வாய்க்குக் கொண்டுபோவதும் ஈயம் தின்பதுதான். புகையிலையில் காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகமும் இருக்கிறது. ஜப்பானின் தோயாமாவில் ஆற்று நீர் வழியாக நெல்லில் ஏறிய காட்மியம், சிறுநீரக நுண்குழாயைக் கெடுத்து எலும்பையே உடைய வைத்தது. முகத்தில் கட்டும் துணியோ சாதாரண மாஸ்க்கோ ஈயப் புகையைத் தடுக்காது. அதற்குரிய வடிகட்டி கொண்ட ரெஸ்பிரேட்டரை, முகத்தில் ஒட்டிப் பொருந்துகிறதா என்று சோதித்துத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நாளை கிளினிக்குக்குப் போகும்போது பழைய அறிக்கைகள், எல்லா மாத்திரைகளும், செந்தூர டப்பா, அவர் எந்த வருடம் எந்தப் பிரிவில் நின்றார் என்று எழுதிய ஒரு தாள், இவற்றை எடுத்துப் போங்கள். கிரியாட்டினின், பொட்டாசியம், பைகார்பனேட்டோடு பாஸ்பேட், கால்சியம், மக்னீசியம், சிறுநீரக ஸ்கேன், அரசாங்க மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுக்கு ஒரு கடிதம், இத்தனையும் கேளுங்கள். முடிவுகள் வந்ததும், குறிப்பாகப் பேரனுடைய எண்ணை, எனக்கு எழுதி அனுப்புங்கள் சகோதரி.